பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கரியாஹாட்டில் தினமும் ஓட்ட முடியுமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை தலையெடுத்து நன்றாகச் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறது. அப்பாக்கள் டிராமிலும் மினிபஸ்ஸிலும் ஆபீஸ் போனார்கள். பிள்ளைகள் முதல் ஐந்து வருஷத்திலேயே கார் வாங்கிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் சமீப காலமாக இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. "புதுசாக ஒரு எஸ்.யு.வி. வாங்குகிற பணத்துக்குப் பழைய போர்ஷே கிடைக்கிறதே, வாங்கலாமா?" என்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் உண்டு. புதிதாகக் கோடி ரூபாய்க்கு விற்ற வண்டி, பத்து வருஷம் கழித்துப் பாதிக்கும் குறைவான விலைக்கு வருகிறது. ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமை காலை ரெட் ரோடில் ஒரு சுற்று சுற்றுவதற்கு வாங்குவது வேறு. கரியாஹாட் மோடிலிருந்து தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக வாங்குவது வேறு. இரண்டாவது வகையினருக்காகவே இந்தக் கட்டுரை.

சுமைகூலி முக்கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. வண்டியின் விலை பாதியாகக் குறைந்திருக்கலாம். அதன் உதிரி பாகங்களின் விலை குறைவதில்லை. கோடி ரூபாய் வண்டிக்கு என்ன விலையோ, அதே விலைக்குத்தான் பிரேக் டிஸ்க்கும் கிளட்ச்சும் வரும்.

ஓர் உதாரணம். 1994 முதல் 1999 வரை வந்த ஃபெராரி எஃப்355 காரில் டைமிங் பெல்ட்டைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சினையே கீழே இறக்கியாக வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் பெல்ட்டுக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும். 2004ல் வந்த எஃப்430ல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்தார்கள். அந்தத் தொல்லை போயிற்று. இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் சிவப்பு நிறம். செலவுக் கணக்கோ தலைகீழ்.

ஆகவே என் முதல் யோசனை: கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியில் போடாதீர்கள். வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்கை முதல் வருஷச் செலவுக்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள். அது முடியாதென்றால், விலை குறைந்த வண்டியைப் பாருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக்கூடாது.

வேகத்தடையும் வெர்சைன் கணக்கும்

ரயில் பாதையில் வளைவை எப்படி அளப்பார்கள் தெரியுமா? தண்டவாளத்தின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலைப் பிடித்து, நூலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்போம். அதற்கு வெர்சைன் என்று பெயர். நூலின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 125 ஆல் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால் விடை மில்லிமீட்டரில் வரும். இதே கணக்கு வேகத்தடைக்கும் பொருந்தும்.

இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988ல் வகுத்த வழிகாட்டு நெறியின்படி, வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக, 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். லம்போர்கினி கலார்டோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.56 மீட்டர். கணக்குப் போட்டால் 48 மி.மீ. வருகிறது. வண்டியின் அடிப்பகுதி சுமார் 90 மி.மீ. உயரத்தில் இருந்தால், வயிறு இடிக்காது.

மூக்குதான் பிரச்சினை. முன் சக்கரம் தடையின் விளிம்பைத் தொடும் நேரத்தில், 90 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பரின் கீழே தடை 74 மி.மீ. உயர்ந்திருக்கும். மிச்சம் 16 மி.மீ.தான். அந்த இடத்தில் பிரேக்கை மிதித்தால் மூக்கு தாழும், உரசும். முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, தடையின் மேல் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் விதிப்படி போட்ட தடைக்கு. நம் சந்துகளில் பாடா இளைஞர்கள் ஒரே ராத்திரியில் சிமென்ட் குழைத்துப் போடும் தடைகள் எந்த விதிக்கும் அடங்காதவை. ஒரு அடி அகலம், அரை அடி உயரம்! அங்கே வெர்சைன் உதவாது. இஞ்ச் டேப்தான் உதவும். வண்டியைப் பார்க்கப் போகும் முன் உங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வரும் வழியில் உள்ள ஒவ்வொரு தடையையும், வீட்டு வாசல் சரிவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூக்கைச் சுமார் 40 மி.மீ. உயர்த்தும் ஃப்ரன்ட் லிஃப்ட் வசதி சில வண்டிகளில் உண்டு. நம் ஊருக்கு அது ஆடம்பரமல்ல, அவசியம்.

நெரிசலில் நிற்கும் குதிரை

பூஜைக்கு முந்தைய மாதத்தில் கரியாஹாட் மோடிலிருந்து கோல்பார்க் வரை போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகர்ந்து, நின்று, மறுபடி நகரும் இந்த ஓட்டம் எல்லா கியர்பாக்ஸுக்கும் ஒத்துவராது.

கலார்டோவின் இ-கியர், 2012 வரை வந்த ஆடி ஆர்8ன் ஆர்-ட்ரானிக் போன்றவை பார்ப்பதற்கு ஆட்டோமேட்டிக் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது சாதாரண ஒற்றைக் கிளட்ச். காலுக்குப் பதில் ஹைட்ராலிக் அழுத்தம் அதை மிதிக்கிறது. நெரிசலில் ஊர்ந்தால் கிளட்ச் தேய்ந்துகொண்டே போகும். 2008ல் போர்ஷே 911ல் வந்த பி.டி.கே., ஃபெராரி கலிஃபோர்னியாவில் வந்த இரட்டைக் கிளட்ச் ஆகியவை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். தினசரி ஓட்டத்துக்கு இரட்டைக் கிளட்ச் அல்லது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். அதுவும் இல்லையென்றால் நல்ல மேனுவல்.

போர்ஷேயைப் பற்றி இன்னொன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன், 911 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்குள் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் பேரிங் போனால் எஞ்சினே போய்விடும். பேரிங் சூடேறினால் என்ன ஆகும் என்பதை ஹாட் ஆக்ஸிலுக்காக வண்டியை நிறுத்திய ரயில்வேக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2009 மாடலிலிருந்து வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. ஆகவே 2009க்குப் பிந்திய வண்டியாகப் பார்ப்பது புத்திசாலித்தனம். முன்பக்கக் காற்றுத் துவாரங்களில் இலைச் சருகு அடைந்து ஏ.சி. கண்டென்சர் அரித்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெட்ரோலும் கவனிக்க வேண்டிய விஷயம். 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் அதற்கென்று செய்யப்பட்டவையல்ல. அவற்றின் நிலையைப் பார்த்து, தேவையானால் மாற்றிவிடுவது நல்லது.

தண்ணீர்

2025 செப்டம்பர் 22ந் தேதி இரவு பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ., பாலிகஞ்ஜில் 264 மி.மீ. காலையில் நம் தெருக்களில் எத்தனை கார்கள் பாதி மூழ்கி நின்றன! அவற்றில் பல, துடைத்து மெழுகு போட்டு, இன்னொருவர் தலையில் கட்டப்படும்.

எஞ்சின் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தாழ்ந்த வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி தனியே எடுக்க வேண்டும். வாங்கும் வண்டியில் கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கியின் அடியில் வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் ஆகிய மூன்றும் பொய் சொல்லாத சாட்சிகள்.

காகிதங்கள்

வண்டியைவிடக் காகிதத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் விலை உயர்ந்த கார்களைப் போலி முகவரியில் அங்கே பதிவு செய்த விவகாரம் 2017ல் கேரளத்தில் வெடித்து, சினிமா நட்சத்திரங்கள் மீதே வழக்கு வந்தது. வெளி மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால், மறுபதிவு செய்து இங்குள்ள வரியைக் கட்டியாக வேண்டும். விலை பேசும்போதே அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

2020 டிசம்பரில் மும்பையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் டிசி அவந்தி. தமிழ்நாட்டு எண் பலகை கொண்ட அந்தக் கார் ஒன்றைப் போலீசார் பிடித்தார்கள். அதே எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஹரியானாவிலும் பதிவாகியிருந்தன என்பது போலீசார் கூறிய குற்றச்சாட்டு. 2025 செப்டம்பரிலோ பூட்டானிலிருந்து கடத்தி வந்து இங்கே பதிவு செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் கார்களைச் சுங்கத்துறை கேரளத்தில் கைப்பற்றியது. பூட்டான் நமக்குக் கேரளத்தைவிட அருகில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்! வண்டியில் பொறித்துள்ள எண்களை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இறக்குமதி வண்டியானால் சுங்கவரி கட்டிய ரசீதைக் கேளுங்கள்.

வயதும் முக்கியம். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் இறக்குமதி காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து ரூ.40,000, 20 வயது கடந்ததற்கு 2025 ஆகஸ்டிலிருந்து ரூ.80,000. தவிர, கொல்கத்தாவிலும் ஹௌராவிலும் 15 ஆண்டு கடந்த வண்டிகளை நீக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. எனவே 13 வயது வண்டியை மலிவு என்று வாங்க வேண்டாம். வாங்கியதும் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யுங்கள். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்துள்ளது.

ஒரு வீட்டில் நடந்தது

நண்பர் ஒருவரின் மகன், வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கும்போதே, மஞ்சள் நிற இத்தாலிய வண்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக நின்றான். "மாமா, நீங்க ரயில்வே இன்ஜினீயராச்சே, ஒரு தடவை வந்து பாருங்கோ" என்றான். அவன் அம்மா என்னைத் தனியே அழைத்து, "எப்படியாவது வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றார். நான் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: "என் வாயால் எதற்கு? அளந்து பார்ப்போம்."

அவர்கள் சந்தில் நான்கு தடைகள். இரண்டு அந்த வண்டியின் மூக்கைவிட உயரம். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தோம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயருக்கு ஒன்பது வயது! ஆனால் மீட்டரில் ஓடிய தூரம் மிகக் குறைவு. கடைசியாக, வண்டியை வெளி ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிக் கம்ப்யூட்டர் சோதனையும் கம்ப்ரெஷன் சோதனையும் செய்ய அனுமதி கேட்டோம். விற்பவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பே போதுமான பதில். பையன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எட்டு மாதம் கழித்து, நம் ஊரிலேயே சர்வீஸ் உள்ள கம்பெனியின் இரட்டைக் கிளட்ச் வண்டி ஒன்றை, முழு சர்வீஸ் புத்தகத்தோடு, கடன் வாங்காமல் வாங்கினான். தினமும் ஓட்டுகிறான். அம்மாவுக்கு அதில் உட்கார்ந்து எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பது மட்டும்தான் குறை. லேக் மார்க்கெட்டில் வாழை இலைக் கட்டு வாங்கினால் ரிக்‌ஷாதான்.

கடைசியாக ஒரு வார்த்தை

தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் உலகில் இல்லாமல் இல்லை. ஹோண்டா 1990ல் கொண்டுவந்த என்.எஸ்.எக்ஸ். அலுமினிய உடலோடு, சாதாரணக் காரைப் போலத் தினமும் ஓட்டக்கூடிய வேகக் கார் சாத்தியம் என்று காட்டியது. அந்த வழியில் வந்த வண்டிகளைத் தேடுங்கள். பாக்ஸ்டர், கேமன், ஆடி டிடி, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., பி.எம்.டபிள்யூ. இசட்4 போன்றவை பெயரில் சற்றுக் குறைந்தாலும் உழைப்பில் குறையாதவை.

வாங்கிய பிறகு, அதன் முழு வேகத்தைச் சாலையில் சோதிக்க வேண்டாம். 2018 ஜூனில் ஹௌரா மாவட்டம் டோம்ஜூர் அருகே நெடுஞ்சாலைப் பாலத்தில் 550 குதிரை சக்திக்கு மேற்பட்ட ஒரு வண்டி மோதி, ஓட்டியவர் உயிரிழந்தார். வேகம் பார்க்க ஆசையிருந்தால், அதற்கென்றே இடங்கள் உண்டு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. லீவில் ஊருக்குப் போகும்போது அங்கே போய்ப் பயிற்சி பெறுங்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் பிளாட்பாரக் கடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஸ்கூல் பையோடு சாலையைக் கடப்பது நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.