டர்ட் பைக் டயர் மாற்றுதல்

டர்ட் பைக் டயர் மாற்றுதல் என்பது மண்பாதையில் ஓட்டப்படும் மோட்டார் சைக்கிளின் சக்கரத்திலிருந்து தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் பணி ஆகும். இயந்திரம் ஏதுமின்றி, இரண்டு அல்லது மூன்று டயர் லீவர்களைக் கொண்டே இதனை வீட்டில் செய்யலாம். இதற்கு உடல் வலிமையைவிடச் சக்கரத்தின் அமைப்பைப் பற்றிய அறிவே முக்கியமானது.

சக்கரத்தின் அமைப்பு

முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிகளின் முன்சக்கர ரிம் பொதுவாக 21 அங்குல விட்டமும், பின்சக்கர ரிம் 18 அல்லது 19 அங்குல விட்டமும் உடையவை. ஆரக்கம்பிகள் கொண்ட இச்சக்கரங்களில் பெரும்பாலும் டியூப் இருக்கும். டயரின் இரு விளிம்புகளிலும் நீளாத எஃகுக் கம்பி வளையம் பொதிந்துள்ளது. ரிம்மின் நடுப்பகுதி பள்ளமானது. விளிம்பின் ஒரு பக்கம் இப்பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அத்தளர்வினாலேயே விளிம்பு ரிம்மின் ஓரத்தைத் தாண்டுகிறது.

மண்ணில் நல்ல பிடிப்புக்காக இவ்வண்டிகளில் ஏறத்தாழ 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தமே வைக்கப்படுகிறது. இக்குறைந்த அழுத்தத்தில் டயர் ரிம்மின் மீது நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடக்கூடும். இதனைத் தடுக்க, ரிம் லாக் எனும் பிடிப்பான் விளிம்பை ரிம்முடன் இறுக்குகிறது.

கழற்றும் முறை

1. பிரேக் தட்டு வளையாதிருக்க, சக்கரத்தைப் பழைய டயர் ஒன்றின் மேல் கிடத்த வேண்டும்.
2. வால்வினுள் உள்ள சிறு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். வால்வு நட்டை நீக்கி, ரிம் லாக்கின் நட்டைத் தளர்த்த வேண்டும்.
3. டயரை மிதித்து இருபுற விளிம்புகளையும் ரிம்மிலிருந்து விடுவித்து, சோப்பு நீர் தடவ வேண்டும்.
4. எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் பள்ளத்தில் அழுத்தியபடி, ரிம் லாக்கின் அருகிலிருந்து லீவரால் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும்.
5. டியூபை வெளியே எடுத்தபின், இரண்டாம் விளிம்பையும் அவ்வாறே கழற்ற வேண்டும்.

பொருத்தும் முறை

1. ஆரக்கம்பிகளின் முனைகளை மூடும் ரப்பர் பட்டை கிழியாமல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கிழிந்திருப்பின் அம்முனைகள் டியூபைத் துளைக்கும்.
2. டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பின், அதன்படி டயரை வைத்து முதல் விளிம்பை ஏற்ற வேண்டும்.
3. டியூப் மடியாதிருக்கச் சிறிதளவு காற்றடைத்து உள்ளே வைக்க வேண்டும்.
4. ரிம் லாக்கை உள்நோக்கித் தள்ளி, அது விளிம்பிற்கு உட்புறம் அமையுமாறு இரண்டாம் விளிம்பை ஏற்ற வேண்டும்.

லீவர் இறுகினால், எதிர்ப்பக்க விளிம்பு பள்ளத்திலிருந்து மேலேறிவிட்டது என்று பொருள். அப்போது மேலும் நெம்பினால் லீவருக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் சிக்கிக் கிழியும். விளிம்பை மீண்டும் பள்ளத்தில் இறக்கிய பின்னரே தொடர வேண்டும்.

இறுதிச் சோதனை

டயரின் பக்கவாட்டிலுள்ள மெல்லிய கோடு ரிம்மைச் சுற்றிலும் சம இடைவெளியில் தெரியும்வரை காற்றடைக்க வேண்டும். டயரில் குறிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. பின்னர் அழுத்தத்தை ஓட்டும் அளவிற்குக் குறைத்து, ரிம் லாக்கை இறுக்க வேண்டும். ஓட்டியபின் வால்வு சாய்ந்திருந்தால், டயர் நழுவியுள்ளது என அறியலாம்.