ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த நுரையீரல்

தானமாகக் கிடைக்கும் உறுப்புகளிலேயே நுரையீரல்தான் தொட்டாற்சுருங்கி. மூளைச்சாவு அடைந்தவர் வென்டிலேட்டரில் இருக்கும்போதே அதில் நீர் கோத்துக்கொள்ளும், சளி சேரும், கிருமி புகும். பாதிக்கு மேற்பட்டதை மருத்துவர்கள் 'வேண்டாம்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக நுரையீரலை மாற்றிவைத்தார். நோயாளி 18 நாள் இருந்தார். அடுத்த 20 ஆண்டுகளும் ஏமாற்றம்தான். தைத்த மூச்சுக்குழாய் ஆறாமல் பிரிந்துகொண்டே போனது. 1983இல் கனடாவின் டொரோண்டோவில் ஜோயல் கூப்பர் செய்த அறுவை சிகிச்சைதான் முதல் நீடித்த வெற்றி.

அதே ஊர் மருத்துவர்கள்தான் பிறகு ஒதுக்கப்பட்ட நுரையீரல்கள் பக்கம் திரும்பினார்கள். வழக்கமான முறையில் நுரையீரலைக் குளிரவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோவார்கள். குளிரில் உறங்கும் உறுப்பு நன்றாக இருக்கிறதா, கெட்டதா என்று எப்படிச் சொல்வது? ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன், உடலுக்கு வெளியே அதைச் சூடாக்கி இயக்கிப் பார்த்த பிறகே ஒருவருக்குப் பொருத்திக் காட்டியிருந்தார். டொரோண்டோவின் ஷாஃப் கேஷவ்ஜியும் மார்செலோ சைபெலும் அந்த வேலையைப் பல மணி நேரத்துக்கு நீட்டினார்கள்.

மூடி போட்ட கண்ணாடித் தொட்டி மாதிரி ஒரு பெட்டி. உள்ளே வெளிறிப்போன நுரையீரல். மூச்சுக்குழாயில் வென்டிலேட்டர், ரத்தக்குழாயில் அணுக்கள் இல்லாத ஒரு திரவம். திரவம் மெல்ல மெல்ல உடல் சூட்டை நெருங்கியதும், நிமிடத்துக்கு 7 முறை நுரையீரல் உப்பித் தணிகிறது. திசுவில் கோத்திருந்த நீரையும் திரவம் உறிஞ்சிக்கொள்கிறது. எக்ஸ்ரே எடுக்கலாம், உள்ளே கேமரா விடலாம், கையால் அழுத்தியும் பார்க்கலாம்.

2011இல் இந்தச் சோதனையின் முடிவு வெளியானது. தானம் தந்த 23 பேரின் சந்தேகத்துக்குரிய நுரையீரல்களை 4 மணி நேரம் இயக்கியதில் 20 பேருடையவை தேறின. பொருத்திய 72 மணி நேரத்தில் கடுமையான கோளாறு கண்டவர்கள் 15 சதவீதம். வழக்கமான நுரையீரல் பெற்ற 116 பேரில் 30 சதவீதம். பாதிதானே என்று துள்ள வேண்டாம். 20 பேர் சின்னக் கணக்கு; இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொன்னது. ஒதுக்கியது நல்லதற்குச் சளைத்ததல்ல என்பது மட்டுமே தேறியது. என்னைக் கேட்டால், அதுவே போதும்.

குளிரையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஐஸ் பெட்டியின் 4 டிகிரியைவிட 10 டிகிரியில் நுரையீரல் செல்கள் நலமாக இருப்பதை 2021இல் அதே குழு காட்டியது. நள்ளிரவில் வந்து சேரும் நுரையீரலை இப்போது காலைவரை வைத்திருந்து பொருத்த முடிகிறது.