300 நாவல், 10 குழு: ஒரு வாசிப்புக் கணக்கு

ஓர் ஆண்டின் போட்டிக்கு 300 நாவல். படிக்க 10 குழு, குழுவுக்கு 30 நூல். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. வென்றவருக்கு ஒரு செல்ஃபி குச்சி. பதிப்பகம் இல்லாமல் தாமே நூல் வெளியிடும் ஆங்கில ஃபேன்டசி எழுத்தாளர்களுக்காக மார்க் லாரன்ஸ் 2015இல் தொடங்கிய போட்டியின் வரவு செலவு இவ்வளவுதான். சுருக்கமாக எஸ்பிஎஃப்பிஓ என்பார்கள். லாரன்ஸ் 2011இல் பெரிய பதிப்பகம் வழியே 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' நாவலுடன் வந்தவர். அந்த வாசல் திறக்காதவர்களின் நூல் வாசகர் கண்ணில் படுவதே எவ்வளவு அரிது என்று கண்டு, விமர்சனம் எழுதும் பத்துக் குழுக்களைக் கூட்டினார்.

எழுத்தாளரின் செலவிலிருந்து தொடங்கலாம். அமேசானின் கிண்டிலில் நூலை ஏற்றக் கட்டணம் இல்லை. 2007 முதல் இதுதான் நிலை. மின்னூலுக்கு அங்கே ஐஎஸ்பிஎன் எண்ணும் தேவையில்லை. அச்சு நூலுக்குத் தம் பெயரில் எண் வேண்டுமென்றால் அமெரிக்காவில் ஒன்று 125 டாலர், பத்தாக வாங்கினால் 295. (இந்தியாவில் அரசே இலவசமாகத் தருகிறது, நம் எழுத்தாளர்களுக்கு இது சின்ன உதவியல்ல.) வருவாய்ப் பக்கம்: விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் 70 விழுக்காடு, அதற்கு வெளியே 35. ஆக 4.99 டாலர் நூல் ஒன்று விற்றால் அனுப்புக் கட்டணம் போக 3.40 டாலர் அளவில் கைக்கு வரும். 99 சென்ட் நூலுக்கு 35 சென்ட்.

வெளியிடும் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. ஆனால் அந்த நூலைப் படித்து, பொதுவில் கருத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே, அதற்கு விலை உண்டு. 1933இல் தொடங்கிய கிர்க்கஸ் இதழ், சுயபதிப்பு நூல்களுக்குக் கட்டண விமர்சனம் எழுதித் தருகிறது: சுமார் 300 சொல், 450 டாலர் அளவில். அதை ஈடுகட்ட 4.99 டாலர் நூலில் 130 படிகளுக்கு மேல் விற்க வேண்டும். 99 சென்ட் நூலில் ஏறத்தாழ 1,300. படிப்பதும் உழைப்புதான், அதற்குக் கூலி கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விமர்சனம் பாதகமாக வந்தால் அதை வெளியிட வேண்டாம் என்று எழுத்தாளர் முடிவு செய்துகொள்ளலாம். அப்படி மறைந்தவை எத்தனை என்று தெரியாத வாசகருக்கு, வெளிவந்த பாராட்டின் எடை குறைந்துவிடுகிறது.

போட்டியில் அந்த மறைவு இல்லை. இறுதிச் சுற்றின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதற்கான விலையை மணிநேரமாகக் கொடுக்கிறார்கள். நூலுக்கு 400 பக்கம், மணிக்கு 40 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நூல் ஒன்றுக்கு 10 மணிநேரம். 300 நூலையும் கடைசிவரை படித்தால் 3,000 மணிநேரம், குழுவுக்கு 300. முதல் சுற்று ஐந்து மாத அளவில் நடக்கிறது. அப்படியானால் குழுவுக்கு நாளொன்றுக்கு 2 மணிநேரம், ஐந்து மாதமும் விடாமல். எல்லாவற்றையும் முழுதாகப் படிப்பதில்லை. பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடலாம் என்பதற்கு இடம் உண்டு. ஆனாலும் இதைக் கிர்க்கஸ் கட்டணத்தில் போட்டால் 300 நூலுக்கு 1,35,000 டாலர். அவ்வளவையும் கூலி வாங்காமல் படிக்கிறார்கள். புத்தகத்தின் மேல் உள்ள பற்று தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் ஒவ்வொரு குழுவும் தன் 30இலிருந்து ஒன்றை அனுப்பும். அந்தப் பத்தையும் பத்துக் குழுக்களும் படித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும். புதிதாக 90 வாசிப்பு, 900 மணிநேரம். இங்கேதான் எனக்குக் கணக்கு இடிக்கிறது. பத்து நூலுக்குத் தலைக்குப் பத்துத் தீர்ப்பு. மற்ற 290க்கு ஒரே குழுவின் தீர்ப்பு.

ஒரே தீர்ப்பு நல்ல நூலைத் தவறவிடலாம் என்பதற்குச் சான்று அந்தப் போட்டியிலேயே இருக்கிறது. ஜோசையா பான்கிராஃப்ட் 2013இல் தாமே வெளியிட்ட 'சென்லின் அசென்ட்ஸ்' 2016 போட்டிக்கு வந்தது. இறுதிப் பத்தில் இடம்பெறவில்லை. பிறகு லாரன்ஸே அதை எடுத்துப் படித்தார், வெளிப்படையாகப் பாராட்டினார், பேச்சு பரவியது. 2018இல் ஆர்பிட் பதிப்பகம் அந்த நாவலை வெளியிட்டது. தொடர் நான்கு பாகம்வரை போனது. அதே 2016 போட்டியில் வென்ற ஜொனாதன் ஃபிரெஞ்சின் 'தி கிரே பாஸ்டர்ட்ஸ்' நாவலையும் 2018இல் ஒரு பெரிய பதிப்பகம்தான் கொண்டுவந்தது. வென்ற நூலும் விடுபட்ட நூலும் ஒரே ஆண்டில் ஒரே உயரத்துக்கு வந்தன. விடுபட்டதற்கு வேண்டியிருந்தது இன்னொருவர் படிப்பது மட்டுமே. 30க்கு ஒன்று என்ற விதி இருக்கும்வரை, நல்ல நூல் இரண்டு ஒரே குழுவிடம் விழுந்தால் ஒன்று வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அது படித்தவரின் குற்றமல்ல.

அந்த இரண்டாம் வாசிப்புக்கு எவ்வளவு ஆகும்? 300 நூலின் முதல் 50 பக்கத்தை மட்டும் வேறொரு குழுவும் படிக்கட்டும். 15,000 பக்கம், 375 மணிநேரம், குழுவுக்கு 37½. எங்கிருந்து எடுப்பது? இறுதி நூல் ஒவ்வொன்றையும் மற்ற 9 குழுவும் படிப்பதற்குப் பதில் 5 குழு படித்தால் போதும்: 90 வாசிப்பு 50 ஆகும், 400 மணிநேரம் கையில் வரும். வெற்றி நூலின் சராசரி 10 மதிப்பெண்ணுக்குப் பதில் 6இல் நிற்கும். அந்த இழப்பு உண்மைதான். முதலிடமா இரண்டாமிடமா என்பதில் கொஞ்சம் துல்லியம் குறையும். ஆனால் 290 பேருக்கு இன்னொரு வாசகர் கிடைப்பாரென்றால் அந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்வேன். மீதி 25 மணிநேரத்தில், இரு குழுவும் கருத்து மாறுபட்ட இரண்டு நாவலை மூன்றாவது குழு முழுதாகப் படித்துவிடலாம்.