தண்ணீருக்குக் கணக்கு யாருக்கு வேண்டும்?

காலை ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று என்று பக்கவாட்டில் கோடு போட்ட இரண்டு லிட்டர் பாட்டில்களை இப்போது பல அலுவலக மேசைகளில் பார்க்கலாம். மணிக்கொரு முறை சிணுங்கி, ‘இன்னும் மூன்று டம்ளர் பாக்கி’ என்று நினைவூட்டக் கைபேசிச் செயலிகளும் வந்துவிட்டன. உடல்மீது இப்படி அக்கறை வருவது நல்லதுதான். ஆனால் அந்த இலக்கு எங்கிருந்து வந்தது? எல்லோருக்கும் அது பொருந்துமா? உண்மையில் கணக்கு வைத்துக் குடிக்க வேண்டியவர்கள் யார்?

இரண்டரை லிட்டரின் கதை

1945-ல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் தண்ணீர் போதும் என்றது அது. அதன் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் சேர்த்தே சொன்னது. எண் மட்டும் ஊரெல்லாம் பரவியது, கூடவே சொன்னது மறந்துபோனது. ‘தினமும் எட்டு டம்ளர்’ என்ற விதியின் வேர் இதுவாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். டார்ட்மவுத் மருத்துவப் பள்ளியின் சிறுநீரக அறிஞர் ஹைன்ஸ் வால்டின் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தேடி அலசி, 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார். மிதமான தட்பவெப்பத்தில் வாழும் நலமான பெரியவர்கள் எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை என்பது அவர் முடிவு.

உணவில் இருக்கும் தண்ணீரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெந்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ரசமும் மோரும் கஞ்சியும் பெரும்பாலும் தண்ணீரே. வெள்ளரியிலும் தர்பூசணியிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். உண்ட உணவு எரியும்போது உடலுக்குள்ளேயே நாளொன்றுக்கு 250 மில்லிக்கு மேல் நீர் உருவாகிறது. தேநீரும் காபியும் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அளவோடு காபி குடித்துப் பழகிய 50 ஆண்களை வைத்துப் பர்மிங்காமில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. காபி குடித்த நாட்களுக்கும் தண்ணீர் குடித்த நாட்களுக்கும் இடையே நீர்ச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அதில் தெரியவில்லை.

மனிதருக்கு மனிதர் தேவை எவ்வளவு மாறுகிறது என்பதை 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேர் அதில் பங்கேற்றார்கள். பிறந்து எட்டே நாளான குழந்தையும் உண்டு, 96 வயது முதியவரும் உண்டு. கனமான ஹைட்ரஜன் கலந்த நீரைச் சிறிதளவு குடிக்கக் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக உடலிலிருந்து குறைகிறது என்று சிறுநீரில் அளந்தார்கள். அதிலிருந்து, ஒருவர் உடலில் ஒரு நாளில் எவ்வளவு நீர் உள்ளே வந்து வெளியே போகிறது என்று கணக்கிட முடியும். வயது, உடல்வாகு, உழைப்பு, வெயில், ஈரப்பதம், வாழும் உயரம் என எல்லாவற்றுக்கும் ஏற்ப அந்த அளவு மாறியது. எல்லோருக்கும் பொதுவான ஒரே எண் அகப்படவில்லை.

உடம்பே வைத்திருக்கும் அளவுகோல்

நம் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் உப்பின் அடர்த்தியைக் குறுகிய எல்லைக்குள் காப்பதுதான் உடலின் வேலை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இதைக் கண்காணிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. ரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு விழுக்காடு கூடினாலே அவை விழித்துக்கொள்ளும். உடனே பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது.

ஏரியின் மட்டத்தைப் பார்த்து மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சியின் வேலையைச் சிறுநீரகத்தில் இந்த ஹார்மோன் செய்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பங்கை மீண்டும் ரத்தத்துக்கே அனுப்புகின்றன. வாசோபிரெசின் வந்ததும் சிறுநீரகக் குழாய்களில் அக்வாபோரின் என்னும் நுண்ணிய நீர்வழிகள் கூடுகின்றன. அவற்றின் வழியாக நீர் உடலுக்குத் திரும்புகிறது. சிறுநீர் அளவில் குறைந்து, நிறத்தில் அடர்கிறது. அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் அக்ரே 2003-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடர்த்தி இன்னும் கூடினால் தாகம் எடுக்கும். குடித்த தண்ணீர் ரத்தத்தில் முழுமையாகச் சேரும் முன்பே தாகம் அடங்கிவிடுவதும் இதே ஏற்பாட்டின் பகுதி. தொண்டையைத் தண்ணீர் தொட்ட சற்று நேரத்திலேயே தாகத்தைத் தூண்டும் நரம்பணுக்கள் அடங்குவதை எலிகளில் நேரடியாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்து வேலை செய்யும், நோயில்லாத, நினைத்தபோது எழுந்துபோய்க் குடிக்க முடிந்த ஒருவருக்கு இந்த ஏற்பாடே போதும். அவருக்குச் செயலியின் மணி கட்டாயமில்லை.

இலக்கைத் தொடுவதற்காகத் தாகமின்றி மடமடவென்று குடிப்பதில் ஆபத்தும் உண்டு. நலமான சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி சரிந்து, மூளை வீங்கக்கூடும். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அதிகம் குடித்து, ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது.

கணக்கு யாருக்கு உயிர்?

முதலில், சிறுநீரகக் கல் வந்தவர்கள். இத்தாலியில் முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து, 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழியும்படி குடிக்கச் சொல்லப்பட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே மறுபடியும் கல் வந்தது. அப்படிச் சொல்லப்படாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. இவர்கள் அளந்து குடிப்பது மருத்துவமே.

அடுத்து, முதியவர்கள். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலிருந்த முதிய ஆண்களுக்கு, அதேபோல் இருந்த இளைஞர்களைவிடத் தாகம் குறைவாக எடுத்தது என்றும், தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள் என்றும் 1984-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வு சொன்னது. ‘தாகமில்லை’ என்று தாத்தாவோ பாட்டியோ சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப் போலவே வேளைக்குத் தண்ணீரும் கொடுக்க வேண்டும். இதயச் செயலிழப்போ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்களுக்கும் அளவு முக்கியம். ஆனால் அவர்களில் பலர் குறைத்துக் குடிக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வெயிலில் உழைப்பவர்கள். கடும் வெயிலில் வேர்வை மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டலாம். அப்போது தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் பற்றாக்குறை முந்திக்கொள்ளும். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கில் குடிக்க வேண்டும், ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தொடக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. பல மணி நேரம் வேர்த்தால் உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இரண்டையும் ஈடுகட்டும்.

எப்படி அளப்பது?

டம்ளரை எண்ணுவதைவிடச் சிறுநீரைக் கவனிப்பது எளிது. லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் எட்டு நிறங்கள் கொண்ட அட்டை ஒன்றை உருவாக்கினார். வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர் போதும். அடர் மஞ்சளோ பழுப்போ என்றால் குடிக்க வேண்டும். நாள் முழுக்க நிறமே இல்லாமல் போனால், அளவுக்கு மேல் குடிக்கிறோம் என்று கொள்ளலாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நிறக் கணக்கு பொருந்தாது. கடுமையாக உழைப்பவர்களும் விளையாடுகிறவர்களும் முன்னும் பின்னும் எடை பார்க்கலாம். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள்.

தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள்

இத்தனையும் தெரிந்திருந்தும் பயனில்லாத ஒரு நிலை நம்மிடையே இருக்கிறது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆய்வு நடத்தினார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. உப்பளத்தில் மறைவிடம் கிடையாது. வயலிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் நிலைமை இதுவே. ஒதுங்க இடமில்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தாகம் அவர்களுக்கும் எடுக்கிறது, அதை அடக்கப் பழகியிருக்கிறார்கள். அழுக்கான கழிப்பறைக்கு அஞ்சிப் புட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரும் பள்ளிப் பிள்ளைகளும், நாள் முழுக்க நிற்கும் கடைப் பெண்களும் இதே பட்டியலில் வருகிறார்கள். சிறுநீர்த்தொற்றும் கல்லும் தலைவலியும் இதன் விளைவாக வரலாம்.

இதைச் சரிசெய்ய ஒரு நல்ல தொடக்கம் 2019-ல் கேரளப் பள்ளிகளில் நடந்தது. தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடித்தார்கள். பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. அந்த மணிக்குப் பயன் கிடைக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே சுத்தமான கழிப்பறையும் இருக்க வேண்டும். பள்ளிக்குச் சொல்வது உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் ஜவுளிக்கடைக்கும் பொருந்தும். குடிநீர், நிழல், இடைவேளை, பூட்டிக்கொள்ளக் கதவுள்ள கழிப்பறை ஆகிய நான்கையும் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. அவற்றைக் கேட்டு வாங்குவது தொழிலாளர்களின் உரிமை. தண்ணீர்க் கணக்கை முதலில் எழுத வேண்டிய இடம் அந்த வேலைத்தலங்களின் வரவு செலவுப் புத்தகம்.