ஐரனி: டேனியல் டீஃபோ மாட்டிக்கொண்ட கதை

ஆங்கிலத் தாளில் 'இந்தப் பகுதியில் என்ன லிட்டரரி டிவைஸ் இருக்கிறது?' என்று கேட்டால், நமக்குப் பயமில்லாத பதில்கள் சில உண்டு. 'போல' என்று வந்தால் சிமிலி. ஒரே எழுத்தோசை அடுத்தடுத்து வந்தால் அலிட்டரேஷன். மரம் பேசினால், காற்று அழுதால் பெர்சானிஃபிகேஷன். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

சிக்கல் ஐரனியில்தான். கதையில் எதிர்பாராதது நடந்தால் ஐரனி, சோகமாக முடிந்தால் ஐரனி, ஒன்றுமே தோன்றாவிட்டாலும் ஐரனி என்று எழுதிவிட்டு வருகிறோம். அதற்கு அரை மார்க்கோ கால் மார்க்கோ, விதியைப் பொறுத்தது. ஐரனியை அடிக்கோடு போட்டுக் காட்ட முடியாது என்பதுதான் காரணம். வரியை மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் அது கிடைக்காது. அந்த வரியைச் சொல்பவருக்கு என்ன தெரியும், கேட்பவருக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஐரனி இல்லை. எங்கேயாவது இடைவெளி விழுந்தால் அங்கே இருக்கிறது.

வார்த்தை பிறந்த கதையே இதைச் சொல்லிவிடுகிறது. பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் இரண்டு பேர் அடிக்கடி வருவார்கள். ஒருவன் அலசோன்: வாய்ச்சவடால், தனக்கு எல்லாம் தெரியும் என்று அளப்பவன். இன்னொருவன் ஐரோன்: ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி இருந்தே சவடால்காரனைக் கவிழ்ப்பவன். இந்த ஐரோனிடமிருந்து வந்ததுதான் ஐரனி. பிளேட்டோவின் 'ரிபப்ளிக்' நூலில் திராசிமாக்கஸ் சாக்ரடீஸைப் பார்த்து எரிச்சலோடு சொல்லும் குற்றச்சாட்டும் இதுதான்: தெரியாத மாதிரி நடித்து எல்லாரையும் கேள்வி கேட்டே மடக்குகிறாய். தமிழில் இப்போது 'முரண்நகை' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் எல்லா ஐரனியிலும் நகை இருக்காது என்பதால், இந்தக் கட்டுரையில் ஐரனி என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் வகை வெர்பல் ஐரனி. சொல்வது ஒன்று, சொல்ல வருவது வேறு. இது நமக்குப் புதுசில்லை. பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று படித்தோமே, அதுவேதான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதக் கிடங்கைப் பார்த்துவிட்டு, இங்கே ஆயுதமெல்லாம் நெய் பூசி, மாலை போட்டுப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையதோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். உன் ஆயுதம் போரையே பார்த்ததில்லை என்பது உள்ளே இருக்கும் செய்தி. ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் இந்த விஷயத்தில் கில்லாடி. 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முதல் வாக்கியம், பணக்காரப் பிரம்மச்சாரிகள் எல்லாருமே மனைவி தேடுவதாக, ஏதோ பிரபஞ்ச விதி மாதிரி அறிவிக்கும். இரண்டு பக்கம் தாண்டினால், தேடுவது மாப்பிள்ளைகள் இல்லை, அக்கம்பக்கத்தில் பெண்ணைப் பெற்ற அம்மாக்கள்தான் என்று புரிந்துவிடும்.

வெர்பல் ஐரனியும் சார்காசமும் ஒன்றா என்று ஒரு கேள்வி வரும். மூன்று அரியர் வைத்தவனிடம் 'நீதான்டா யுனிவர்சிட்டி ரேங்க்' என்பது சார்காசம். அதில் குத்து இருக்கிறது, குத்து வாங்குபவனுக்கும் அது புரிகிறது. ஆஸ்டின் செய்வதில் குத்து வாங்குபவருக்கே தெரியாது. மிஸஸ் பென்னட் அந்த முதல் வாக்கியத்தைப் படித்திருந்தால் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டிருப்பார்!

இரண்டாவது டிராமாட்டிக் ஐரனி. பார்வையாளருக்குத் தெரிந்த ஒன்று மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. சோஃபக்ளீஸின் 'ஈடிப்பஸ்' நாடகத்தில், பழைய அரசனைக் கொன்றவன் எங்கிருந்தாலும் நாசமாகப் போகட்டும் என்று ஈடிப்பஸ் ஊரறியச் சாபம் விடுகிறான். கொன்றவன் அவனேதான். கிரேக்கப் பார்வையாளர்களுக்கு அந்தப் புராணக் கதை முன்பே தெரியும். அதனால் 'யார் கொலைகாரன்?' என்ற சஸ்பென்ஸ் அங்கே வேலை செய்வதில்லை. தனக்கே குழி தோண்டும் மனிதனை, கத்திச் சொல்ல முடியாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கோனப் தேர்ல்வால் என்ற ஆங்கிலேயர் 1833இல் சோஃபக்ளீஸின் ஐரனியைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆங்கில விமர்சனத்தில் இந்தப் பேச்சு பெரிதாக வளர்ந்தது. சரக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு, லேபிள் அத்தனை பழசில்லை.

ஷேக்ஸ்பியரில் எனக்குப் பிடித்த இடம் 'மேக்பெத்'தில் டங்கன் அரசன் வந்து இறங்கும் காட்சி. அதற்கு முந்தைய காட்சியில்தான் லேடி மேக்பெத், இன்று ராத்திரி இவன் உயிரோடு திரும்பப் போவதில்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள். டங்கன் வருகிறான். கோட்டை வாசலில் நின்று, ஆகா என்ன இதமான இடம், என்ன நல்ல காற்று என்கிறான். கூட வந்த பாங்க்வோவும் கூரையோரம் கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் காட்டி ஆமாம் போடுகிறான். இந்த வசனங்களை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் படித்தால் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும். நமக்கோ வயிற்றைப் பிசைகிறது.

தேர்வில் இதை எப்படி எழுதுவது? 'டங்கன் கோட்டையைப் புகழ்கிறான், இது ஐரனி' என்று நிறுத்தினால், திருத்துபவருக்கு நீங்கள் மனப்பாடம் செய்தது மட்டும் தெரியும். 'முந்தைய காட்சியில் கொலைத் திட்டத்தைப் பார்த்துவிட்ட நாம், டங்கனின் நல்ல மனசையே ஆபத்தாகப் பார்க்கிறோம். அவன் எவ்வளவு நம்புகிறானோ அவ்வளவு பயம் நமக்கு' என்று எழுதிப் பாருங்கள். ஐரனி என்ற வார்த்தையே இல்லாவிட்டாலும் அது ஐரனியைப் பற்றிய பதில்தான்.

மூன்றாவது சிச்சுவேஷனல் ஐரனி. இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம். ஓ ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' தெரிந்த கதைதான். கணவனின் கடிகாரத்துக்குச் செயின் வாங்க மனைவி தன் கூந்தலை விற்கிறாள். அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கக் கணவன் கடிகாரத்தை விற்றுவிடுகிறான். இங்கே கைமீறிப் போனது தற்செயலால் அல்ல. எதற்காகச் செய்தார்களோ, அந்தச் செயலே அதைக் கெடுத்துவிட்டது. செமஸ்டர் அன்று பஸ் பஞ்சர் ஆனால் அது வெறும் கெட்ட நேரம். தேர்வுக்கு லேட்டாகிவிடக் கூடாது என்று காலேஜிலேயே ராத்திரி தங்கி, அங்கேயே அசந்து தூங்கித் தேர்வைத் தவறவிட்டால், அது ஐரனி. அலானிஸ் மோரிசெட் 'ஐரானிக்' என்றே பெயர் வைத்துப் பாடிய பாட்டு 1996இல் பெரிய ஹிட். அதில் சொல்லும் சம்பவங்களில் பாதிக்கு மேல் துரதிர்ஷ்டம்தானே, ஐரனி எங்கே என்று இலக்கண போலீஸ்காரர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

வகைகள் இவ்வளவுதான். ஆனால் ஐரனியில் இருக்கும் ரிஸ்க் இந்த மூன்று தலைப்புகளைப் படித்தால் புரியாது. ஐரனி எழுதுபவர், வாசகரை நம்பி ஒரு பொய்யைச் சொல்கிறார். வாசகர் அதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? டேனியல் டீஃபோவுக்கு அது ஆனது. ஆமாம், 'ராபின்சன் குரூசோ' எழுதிய அதே டீஃபோ.

1702இல் ராணி ஆன் பட்டத்துக்கு வந்த சமயம். இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட்களை 'டிசென்டர்ஸ்' என்பார்கள். டீஃபோவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருந்த கொஞ்ச நஞ்ச சலுகையையும் பிடுங்க வேண்டும் என்று திருச்சபையின் தீவிர ஆட்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹென்றி சாச்செவரல் என்ற பாதிரியார் அதே வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த பிரசங்கம் கிட்டத்தட்ட போர் அறிவிப்பு. டீஃபோ ஒரு காரியம் செய்தார். அந்தத் தீவிர ஆட்களில் ஒருவன் பேசுவது மாதிரியே பெயர் போடாமல் ஒரு சிறுநூல் எழுதி டிசம்பரில் வெளியிட்டார். பெயர் 'தி ஷார்ட்டஸ்ட் வே வித் தி டிசென்டர்ஸ்'. இவர்களுக்கு அபராதம் போட்டுப் பிரயோஜனமில்லை, பிரசங்கம் செய்பவனைத் தூக்கில் போடு, கேட்கப் போகிறவனை நாடு கடத்து, ஒரே தலைமுறையில் பிரச்சினை தீர்ந்தது என்கிறது அது. நீங்கள் மனசுக்குள் நினைப்பது கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்று காட்டுவது அவருடைய திட்டம்.

திட்டம் படு பயங்கரமாகப் பலித்தது. தீவிர ஆட்கள் சிலர் அதை நிஜம் என்று நம்பி வரவேற்றார்கள். டிசென்டர்கள் நிஜம் என்று நம்பி நடுங்கினார்கள். எழுதியது யார் என்று தெரிந்ததும் இரண்டு தரப்புக்கும் கோபம்: ஒரு தரப்புக்குத் தாங்கள் முட்டாளாக்கப்பட்டதில், இன்னொரு தரப்புக்குத் தங்களைப் பயமுறுத்தியதில். டீஃபோ தலைமறைவானார். 1703 ஜனவரியில் 'லண்டன் கெஜட்'டில் அரசாங்கம் 50 பவுண்டு பரிசு அறிவித்து விளம்பரம் கொடுத்தது. ஒல்லியான உடம்பு, வயது நாற்பது இருக்கும், வளைந்த மூக்கு, கூர்மையான தாடை, வாய்க்குப் பக்கத்தில் பெரிய மச்சம். டீஃபோ பார்க்க எப்படி இருப்பார் என்று நமக்குத் தெரிவதே பெரும்பாலும் இந்த வான்டட் நோட்டீஸால்தான். நாடாளுமன்ற உத்தரவுப்படி நூலைப் பகிரங்கமாக எரித்தார்கள். மே மாதம் ஆள் சிக்கினார். அபராதம், சிறை, கூடவே ஜூலை கடைசி மூன்று நாள் பில்லரி. பில்லரி என்றால், ஓட்டை போட்ட மரப்பலகையில் தலையையும் இரண்டு கைகளையும் மாட்டி நாற்சந்தியில் நிறுத்திவைப்பது. கூட்டம் கையில் கிடைத்ததை எறியும், சில பேர் கண் போயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. டீஃபோ விஷயத்தில் கூட்டம் பூக்களை எறிந்தது என்று ஒரு கதை உண்டு. அது எப்படியோ, அவர் சிறையில் இருந்த நேரத்தில் அவருடைய செங்கல், ஓட்டுத் தொழில் அழிந்துபோனது உண்மை.

எங்கே தப்பு? 27 வருஷம் கழித்து ஜானதன் ஸ்விஃப்ட் எழுதிய 'எ மாடஸ்ட் ப்ரொபோசல்' நூலைப் பக்கத்தில் வைத்தால் புரியும். அயர்லாந்தின் பட்டினிக்கு ஸ்விஃப்டின் யோசனைக்காரன் சொல்லும் தீர்வு, ஏழைகளின் ஒரு வயதுக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்குச் சாப்பிட விற்பது. நம்ம ஆட்கள் அவசியம் படிக்கணும், ஏனென்றால் அது அச்சு அசல் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். குழந்தை பெறும் தம்பதிகள் 2,00,000. சொந்தமாக வளர்க்க முடிந்தவர்கள் 30,000, கழி. கருச்சிதைவு, நோயில் இறப்பு 50,000, கழி. மிச்சம் வருஷத்துக்கு 1,20,000 குழந்தைகள். இனப்பெருக்கத்துக்கு 20,000 போக மீதி விற்பனைக்கு. வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங், விலை 10, லாபம் 8. குரலில் ஒரு இடத்திலும் பதற்றம் இல்லை. அந்த நிதானம்தான் நம்மைப் பதற வைக்கிறது. கடைசிப் பக்கங்களில், வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் நிலச்சுவான்தார்களுக்கு வரி, உள்நாட்டுத் துணியையே உடுத்துவது மாதிரியான யோசனைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள் என்று ஒதுக்குகிறான். அவன் ஒதுக்கும் அந்தப் பட்டியல்தான் ஸ்விஃப்ட் நிஜமாகவே கேட்டது. வாசகருக்கு விட்டுவைத்த சாவி அது.

டீஃபோவின் நூலில் அந்தச் சாவி இல்லை. குழந்தையைத் தின்னச் சொல்லும் கட்சி எதுவும் அன்றைக்கு இல்லை, அதனால் ஸ்விஃப்டின் இடைவெளி கண்ணில் பட்டது. டிசென்டரை ஒழிக்கச் சொல்லும் கட்சி நிஜமாகவே இருந்தது. டீஃபோ மிகைப்படுத்தியது அவர்கள் பேசியதை விட அரையடிதான் தள்ளி இருந்தது. நகல் அத்தனை கச்சிதம், யாருக்கும் அது நகல் என்று தெரியவில்லை. நெட்டில் 'போஸ் லா' என்று ஒன்று சுற்றுகிறதே, கண்ணடிக்கும் ஸ்மைலி போடாவிட்டால் தீவிரவாதக் கருத்தையும் அதன் கிண்டலையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று. அதற்கு 2005இல்தான் பெயர் வந்தது. டீஃபோ அதை 300 வருஷத்துக்கு முன்பே கழுத்தைக் கொடுத்து நிரூபித்திருக்கிறார்.

அவரை வெளியே எடுத்தவர் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதி. பதிலுக்கு டீஃபோ அவருக்கு எழுதியும் உளவு பார்த்தும் கொடுத்தார். 1719இல் 'ராபின்சன் குரூசோ' வந்தது. முழுக்கக் கற்பனை. அதன் முன்னுரையில், வேறு ஒரு பதிப்பாசிரியர் எழுதுவது மாதிரி, இதில் கற்பனையே கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்லும் வரலாறு என்று ஒரு உறுதிமொழி இருக்கும். அதை நம்பிப் படித்தவர்கள் நிறைய. அந்தப் பொய்க்கு யாரும் அவரைப் பில்லரியில் ஏற்றவில்லை.