லேசர் கருவி புதியது. நம் தோல் நிறத்துக்கு ஏற்றதா?



முகப்பரு, மங்கு, தேவையற்ற முடி, பரு ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்பு. இவற்றில் ஒன்றேனும் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. இப்போதெல்லாம் திருமணத்துக்கு நாள் குறித்த கையோடு, சேலை எடுப்பதைப் போலவே லேசர் 'பேக்கேஜ்' எடுப்பதும் வழக்கமாகி வருகிறது. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதையே இந்த வாரக் கலந்துரையாடலுக்கு எடுத்துக்கொண்டோம்.

கருவி எதைத் தேடுகிறது?

லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட ஒளி. அந்த ஒளியை எந்தப் பொருள் அதிகம் உறிஞ்சுகிறதோ அது மட்டும் சூடாகும். பக்கத்தில் உள்ள தோல் தப்பித்துக்கொள்ளும். இந்தத் தத்துவத்தை ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். இன்றைய கருவிகள் பலவும் அதன் வழி வந்தவையே.

முடி அகற்றும் லேசர் தேடுவது மெலனின் என்னும் நிறமியை. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் கருவிக்குக் குழப்பமில்லை. நமக்கோ முடியில் இருக்கும் அதே மெலனின் மேல்தோலிலும் நிறைந்திருக்கிறது. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். முடியின் வேருக்குப் போக வேண்டிய சூடு மேலேயே தங்கிவிட்டால் கொப்புளம் வரும். கொப்புளம் ஆறினாலும் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். சிலருக்கு வெளுத்தும் போகலாம்.

தோலை ஆறு வகையாகப் பிரிப்பது மருத்துவர்களின் வழக்கம். நம்மில் பெரும்பாலோர் 4 முதல் 6 வரையிலான வகையில் வருவோம். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை நமக்கும் வைத்தால் ஆபத்துதான்.

எதற்கு எது?

முடி அகற்ற 1064 நானோமீட்டர் லேசர் நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது. மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஒளி ஆழமாக இறங்குகிறது. 755 நானோமீட்டர் லேசருக்கும் ஐ.பி.எல். கருவிக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. முகத்தில் திடீரென முடி வளர்ந்தால் முதலில் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முகப்பருவுக்கு 1726 நானோமீட்டர் லேசர் வந்திருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் இதற்கு அனுமதி அளித்தது. இது எண்ணெய்ச் சுரப்பியைச் சூடாக்குகிறது, மெலனினைத் தேடுவதில்லை. அதனால் கறுத்த தோலுக்கும் பொருந்தும். ஆனாலும் முகப்பருவுக்கு முதல் சிகிச்சை இன்றும் களிம்பும் மாத்திரையும்தான்.

மங்குக்கு லேசரை முதலில் நாட வேண்டாம். வெயிலும் ஹார்மோனும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. லேசரால் மறைந்தாலும் திரும்பி வரும். சிலருக்கு முன்பைவிடக் கறுக்கும். தினமும் சன்ஸ்கிரீன், மருத்துவர் எழுதித் தரும் களிம்பு, கொஞ்சம் பொறுமை ஆகியவையே முதல் மருந்து.

சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கூண்டு போன்ற கருவிக்குள் நின்று ஒளி பெற வேண்டும். இதற்கு யாரும் ஆடம்பர விளம்பரம் செய்வதில்லை. கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவு போன்ற அரசாங்க மருத்துவமனைகளிலேயே இது கிடைக்கிறது.

யார் கையில் கருவி?

நம் நாட்டில் லேசர் சிகிச்சை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். அழகியல் சிகிச்சை அளிக்க, சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. சான்றிதழும் வேண்டும். கிளினிக் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்க வேண்டும். அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று முகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

படுக்கையில் படுப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. உங்கள் எல்.சி.பி. சான்றிதழைப் பார்க்கலாமா?

2. இந்தக் கருவியின் அலைநீளம் என்ன? என் நிறமுள்ளவர்களுக்குச் செய்த அனுபவம் உண்டா?

3. முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் கழித்து முழுவதும் செய்வீர்களா?

4. கறுத்துப் போனால் அடுத்து என்ன சிகிச்சை தருவீர்கள்?

இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும், கர்ப்பமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருக்கும் சமயத்தில் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

மணப்பெண்களுக்கும் அவர்களின் அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. லேசரால் வந்த கறுப்பு ஆற மாதங்கள் ஆகும். முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்காது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதிய கருவி எதையும் முகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம். செய்வதாக இருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே தோல் நிபுணரைப் பாருங்கள். "இது உனக்கு வேண்டாம் அம்மா" என்று அவர் சொன்னால், அதையும் நல்ல சிகிச்சையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.