வானைத் தொடும் வீடு யாருக்கு?



ஓர் ஊரில் புதிதாக உயர்மாடிக் குடியிருப்பு எழும்பினால் அதைப் பற்றிப் பேசாதவர் இருக்க மாட்டார்கள். "ஊருக்கே அழகு வந்துவிட்டது" என்பார் ஒருவர். "இருந்த அழகும் போயிற்று" என்பார் இன்னொருவர். காப்பிக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நாம் கேட்கும் பேச்சுதான் இது. ஆனால் அந்தப் பேச்சைக் கூர்ந்து கவனித்தால், அழகு, உயரம் ஆகியவற்றுக்கு அடியில் வேறு சில கேள்விகள் இருப்பது தெரியும். அங்கே யார் வாழப் போகிறார்கள்? நம் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைக்குமா? அதனால் பயன் அடைவது யார்? இந்தக் கேள்விகளை விளக்க நம் சிங்கப்பூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. தஞ்சோங் பகாரில் நிற்கும் 'பினக்கிள் அட் டக்ஸ்டன்' குடியிருப்புதான் அது.

பத்து மாடி போய் ஐம்பது மாடி

கண்டோன்மென்ட் ரோட்டில் அந்த இடத்தில் முன்பு இரண்டு பத்து மாடிப் புளோக்குகள் இருந்தன. 1960களின் தொடக்கத்தில், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதன்முதலாகக் கட்டிய புளோக்குகள் அவை. அன்று பத்து மாடியே மக்களுக்கு வியப்பாக இருந்தது. அந்த வரலாற்றுச் சிறப்புக்குப் பொருத்தமான ஒன்றை அங்கே கட்ட வேண்டும் என்பதற்காக 2001இல் அனைத்துலக வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. 200க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. அவற்றில் சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பே தேர்வு பெற்றது.

2009 இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் குடியிருப்பில் 50 மாடிகள் கொண்ட ஏழு புளோக்குகள் உள்ளன. மொத்தம் 1,848 வீடுகள். நிலமோ ஏறத்தாழ இரண்டரை ஹெக்டர்தான். 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் வான்பாலங்கள் ஏழு புளோக்குகளையும் இணைக்கின்றன.

உலகின் பல நகரங்களில், நகர மையத்தை ஒட்டிய உயரமான இடம் வங்கிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் உரியது. இங்கோ கடலையும் நகரையும் பார்த்து நிற்பவை கழக வீடுகள். சம்பளத்திற்கு வேலை செய்யும் குடும்பங்கள் மத்திய சேம நிதியைக் கொண்டு வாங்கிய வீடுகள். இந்தக் கட்டடத்தைப் பற்றி மக்கள் கொண்ட பெருமிதத்திற்கு இதுவே முதற்காரணம்.

உயரம் பற்றிய மனக்குறைகள்

பெருமிதத்தோடு மனக்குறையும் வரத்தான் செய்தது. டக்ஸ்டன், சைனாடவுன் வட்டாரங்கள் இரண்டு, மூன்று மாடிக் கடைவீடுகள் நிறைந்தவை. 1989இல் அரசாங்கமே அவற்றைப் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதிகளாக அறிவித்தது. சௌத் பிரிட்ஜ் ரோட்டில், 1827இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. கியோங் சைக் ரோட்டில் லயன் சித்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து ஊரை அடையாளம் கண்ட தலைமுறைக்கு, அதன் பின்னால் 156 மீட்டர் உயரத்தில் சுவர்போல ஒரு கட்டடம் எழுவது உறுத்தலாக இருப்பது இயல்பே.

வடிவமைத்தவர்கள் இதை உணராமல் இல்லை. ஏழு புளோக்குகளும் ஒரே வரிசையில் நிற்காமல் முன்னும் பின்னுமாக விலகி நிற்கின்றன. இதனால் இடைவெளியில் வானம் தெரிகிறது. ஒரு வீட்டுச் சன்னல் இன்னொரு வீட்டுச் சன்னலை நேருக்கு நேர் பார்க்கும் சங்கடமும் குறைகிறது. மேல்மாடம், பூந்தொட்டி மாடம், வெளியே நீட்டிய சன்னல் என்று முகப்பு வகைகளை வைத்து, வாங்குவோர் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பளித்தார்கள். அதனால்தான் கட்டடத்தின் முகம் ஒரே மாதிரியாக இல்லாமல் மாறி மாறித் தெரிகிறது.

இன்னொரு ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. 26ஆம் மாடி வான்பாலம் அங்கு வசிப்போருக்கு மட்டும். 50ஆம் மாடிக்கு, கட்டணம் செலுத்தும் வெளியாரும் போகலாம். ஆனால் நாள் ஒன்றுக்கு எத்தனை பேர் என்று வரம்பு உண்டு. குடியிருப்பவருக்கு அமைதி வேண்டும். ஊராருக்கோ, தங்கள் வானத்தை மறைத்த கட்டடத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கும் உரிமை வேண்டும். இரண்டு நியாயங்களையும் ஓரளவு நிறைவேற்றும் ஏற்பாடு இது.

விலை எழுப்பிய கேள்வி

ஆனால் பெரிய விவாதம் விலையைப் பற்றித்தான் எழுந்தது. 2004இல் முதன்முதலாக விற்பனைக்கு விட்டபோது நான்கறை வீட்டின் விலை ஏறத்தாழ 290,000 வெள்ளியிலிருந்து தொடங்கியது. ஐந்தறை வீடு ஏறத்தாழ 345,000 வெள்ளியிலிருந்து. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டுகள் முடிந்ததும் சிலர் வீட்டை விற்கத் தொடங்கினார்கள். விரைவிலேயே அங்குள்ள ஐந்தறை வீடுகள் ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் கைமாறின. வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இது நியாயமா? குலுக்கலில் எண் விழுந்ததால் கிடைத்த பரிசு என்று சிலர் சொன்னார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2003இல் சார்ஸ் நோய் பரவி, அதன் பாதிப்பிலிருந்து பொருளியல் மீண்டுகொண்டிருந்த நேரத்தில், இன்னும் எழும்பாத கட்டடத்தை நம்பிப் பணம் கட்டி, ஐந்தாண்டு காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. குறை இருந்தது என்றால் அது விதியில்தான். மக்கள் பணத்தில் மானியம் கொடுத்துக் கட்டும் வீடு, முதல் குடும்பம் விற்றவுடன் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போய்விட்டால், அந்த உயரத்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன பயன்?

அந்தக் கேள்விக்கு 2021இல் ஒரு விடை வந்தது. நகர மையத்தை ஒட்டிய முக்கிய இடங்களில் கட்டப்படும் புதிய கழக வீடுகளுக்குத் தனி விதிமுறைகள் அறிவிக்கப்பட்டன. பத்தாண்டு வசித்த பிறகே விற்கலாம். முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. முதலில் வாங்கியவர் விற்கும்போது கூடுதல் மானியத்திற்கு ஈடாக, விற்ற விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். மறுவிற்பனையில் வாங்குவோருக்கும் வருமான வரம்பு உண்டு. ரோச்சோரில் கட்டப்படும் வீடுகளுக்கு இவை முதலில் நடைமுறைக்கு வந்தன. பினக்கிள் வீடுகளை இந்த விதிகள் கட்டுப்படுத்தமாட்டா. என்றாலும், அத்தகைய வீடுகளின் விலையைப் பார்த்து மக்கள் கேட்ட கேள்வி வீண்போகவில்லை என்று சொல்லலாம்.

பழகிய பின் வரும் பாசம்

அருகிலேயே இன்னொரு பாடமும் உண்டு. ஊட்ரம் பகுதியில் 1976இல் 38 மாடிகளோடு எழுந்த பேர்ல் பேங்க் குடியிருப்பு, குதிரை லாடம் போன்ற வடிவம் கொண்டது. அன்று அதுவே சிங்கப்பூரின் மிக உயரமான குடியிருப்பு. 40 ஆண்டுகளில் அது ஊரின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. அதைப் பாதுகாக்க உரிமையாளர்கள் சிலர் எடுத்த முயற்சி கைகூடவில்லை. 2018இல் 728 மில்லியன் வெள்ளிக்கு மொத்தமாக விற்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அங்கே இப்போது வேறு கோபுரங்கள் நிற்கின்றன. பேர்ல் பேங்க் மறைந்தபோது வருந்தியவர்கள் பலர். ஆகவே புதிய கட்டடத்தைப் பார்த்தவுடன் சொல்லும் "நன்று", "நன்றன்று" என்ற தீர்ப்பு நிலையானதன்று. யார் வாழ்கிறார்கள், எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்பதே அதை ஊரோடு சேர்க்கிறது.

எப்போது பேச வேண்டும்?

பாரந்தூக்கியைப் பார்த்த பிறகு பேசுவது காலங்கடந்த பேச்சு. ஒரு நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண் அதில் இருக்கும். ஒரு ஹெக்டர் நிலத்துக்கு அந்த எண் 2.8 என்றால், எல்லா மாடிகளையும் சேர்த்து 28,000 சதுர மீட்டர் கட்டலாம். எண் கூடக்கூட, கட்டடமும் பெரும்பாலும் உயரும்.

இந்தப் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் கேட்கிறார்கள். 2025 ஜூன் மாதத்திலும் அவ்வாறு வைக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் நம் பேட்டையின் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம்? வீட்டுக்கு எதிரே இருக்கும் திடலின்மேல் என்ன எண் எழுதியிருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறோமா?

கட்டடம் எழுந்தபின் வானத்தைப் பார்த்து அலுத்துக்கொள்வதைவிட, வரைபடத்தைப் பார்த்து உரிய நேரத்தில் கருத்துச் சொல்வது பயன் தரும். "உயரட்டும்; ஆனால் எங்கள் பிள்ளைகளும் அதில் குடியேற முடியுமா?" என்று நாம் கேட்க வேண்டும். பினக்கிளின் 20 ஆண்டுக் கதை நமக்குச் சொல்வது இதுதான்.